ஆஸ்கருக்குப் படம் அனுப்பும் கூட்டமைப்புக்கு ஒரு கணிப்பாளனின் திறந்த மடல்

இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கும், ஆஸ்கர் தேர்வுக் குழுவில் இடம்பெறவிருக்கும் நடுவர்களுக்கும்,

சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் எந்தப் படத்தை அனுப்புவது என்று முடிவெடுக்கத் தங்கள் குழு வரும் பருவத்திலும் கூடும். இருபது, முப்பது படங்களைச் சில நாட்களில் பார்த்து, ஒரு பெயரை அறிவிக்கும். அந்தப் படம் ஏன் தேர்வானது, மற்றவை ஏன் விடுபட்டன, தேர்வான படத்தை அமெரிக்காவில் யார், எப்படிக் கொண்டுசெல்லப் போகிறார்கள் என்ற கேள்விகளுக்கு என்னைப் போன்ற ரசிகர்களுக்கு ஒழுங்கான விடை கிடைத்ததில்லை. இம்முறையும் அப்படியே நடந்துவிடக் கூடாது என்பதால், நடுவர்களின் பெயர்கள் முடிவாவதற்கு முன்பே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆஸ்கர் விருதுகள் யாருக்குப் போகும் என்று ஆண்டுதோறும் முன்கூட்டியே கணித்துப் பார்ப்பது கல்லூரிக் காலத்திலிருந்து எனக்குள்ள பழக்கம். 2002 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலை, விடுதியின் பொதுத் தொலைக்காட்சிக்கு முன் நெருக்கியடித்து உட்கார்ந்து, 'லகான்' பெயர் வாசிக்கப்படும் என்று காத்திருந்த மாணவர்களில் நானும் ஒருவன். போஸ்னியாவின் 'நோ மேன்ஸ் லேண்ட்' வென்றது. இந்தியா அனுப்பிய படம் ஒன்று, விருதுக்குப் பரிந்துரைக்கப்படும் இறுதி ஐந்தில் நிற்பதை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. 1957-ஆம் ஆண்டின் 'மதர் இந்தியா', 1988-ஆம் ஆண்டின் 'சலாம் பாம்பே', 2001-ஆம் ஆண்டின் 'லகான்' ஆகிய மூன்றோடு நம் கணக்கு நின்றுபோயிருக்கிறது.

எங்கள் ஊர்த் திரைப்படக் கழக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஜனவரியில் பரிந்துரைகள் வெளியாவதற்கு முதல் நாள் ஒவ்வொருவரும் தம் கணிப்பை எழுதி, உறையில் ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். நடிகர், நடிகை, இயக்குநர் பிரிவுகளில் மற்றவர்கள் கெட்டிக்காரர்கள். என் கவனமெல்லாம் சர்வதேசத் திரைப்படப் பிரிவில்தான். அதற்கென்று நீளமான பேரேடு ஒன்று வைத்திருக்கிறேன். நாடு, படம், முதலில் திரையிடப்பட்ட விழா, அங்கே கிடைத்த விருது, அமெரிக்க விநியோகஸ்தர், அமெரிக்கத் திரையரங்கில் வெளியாகும் தேதி என்று கலம் கலமாகக் கோடு போட்டது. மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழா முடிந்ததும் அதில் முதல் வரிகள் ஏறும். வெனிஸ், டெல்லுரைடு, டொராண்டோ விழாக்கள் முடிந்து செப்டம்பர் கழிவதற்குள் பக்கம் நிரம்பிவிடும்.

எண்பது, தொண்ணூறு நாடுகள் படம் அனுப்புகின்றன. அப்படியிருந்தும் அக்டோபர் தொடக்கத்திலேயே முன்வரிசையில் நிற்கப்போகும் படங்களில் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிட முடிகிறது. எப்படி முடிகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் என் முறையீடு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஆஸ்கரை வழங்கும் அகாடமியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சர்வதேசப் பிரிவில் வாக்களிக்க அவர்களில் விருப்பமுள்ளவர்கள் முன்வருகிறார்கள். டிசம்பரில் அந்தப் பிரிவின் படங்கள் பதினைந்தாகக் குறைக்கப்படுகின்றன. அந்தப் பதினைந்தையும் பார்த்தவர்கள் மட்டுமே இறுதி ஐந்தைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். முதற்கட்டத்தில் தமக்கு ஒதுக்கப்பட்ட படங்களுக்கு மேல் எதைத் தேடிப் பார்ப்பது என்று ஓர் உறுப்பினர் யோசிக்கும்போது, அவர் காதில் ஏற்கெனவே விழுந்த பெயர்தான் முன்னே வரும். அந்தப் பெயர் காதில் விழ, ஒரு பெரிய விழாவில் படம் பேசப்பட்டிருக்க வேண்டும், அமெரிக்க விநியோகஸ்தர் ஒருவர் அதை வாங்கியிருக்க வேண்டும், அங்குள்ள விமர்சகர்கள் அதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். இவை மூன்றும் இருந்தும் தோற்ற படங்கள் உண்டு. மூன்றும் இல்லாமல் இறுதி ஐந்துக்கு வந்தது மிக அரிது. இது எவருக்கும் மறைவான செய்தி அன்று. கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஒரு கணக்கர் தெரிந்துகொள்ள முடிந்ததை, நாட்டின் திரையுலகத்தையே பிரதிநிதித்துவப்படுத்தும் ஓர் அமைப்பால் தெரிந்துகொள்ள முடியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்திருந்தும் அது முடிவெடுக்கும் இடத்துக்கு வந்து சேர்வதில்லை என்பதே என் வருத்தம்.

2024-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். அந்த மே மாதம் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' கான் விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, அந்த விழாவின் முதல் விருதான தங்கப் பனைக்கு அடுத்த நிலையிலுள்ள கிராண்ட் ப்ரீ விருதைப் பெற்றது. ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' 1994-இல் போட்டியிட்ட பிறகு, முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் போட்டிக்குள் சென்ற இந்தியப் படம் அது. மும்பையில் வேலை பார்க்கும் மலையாளச் செவிலியர்களின் கதை. பெரும்பகுதி மலையாளத்திலும் மீதி இந்தியிலும் மராத்தியிலும் பேசப்படுவது. என் பேரேட்டின் அந்த ஆண்டுப் பக்கத்தில் இந்தியாவின் வரிசையில் எல்லாக் கலங்களும் ஜூன் மாதத்துக்குள்ளேயே நிரம்பியிருந்தன. விநியோகஸ்தர் கலத்தில் சைட்ஷோ, ஜேனஸ் என்று எழுதியிருந்தேன். சில பக்கங்கள் பின்னால் புரட்டினால், 2022-இல் இதே பிரிவில் வென்ற ஜப்பானின் 'டிரைவ் மை கார்' படத்துக்கு எதிரிலும் அதே இரண்டு பெயர்கள் இருக்கும். ஓர் இந்தியப் படத்துக்கு எதிரே அப்படிப்பட்ட வரி அமைந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த ஆண்டு என் கணிப்பில் இந்தியாவை இறுதி ஐந்தில் வைத்தேன்.

செப்டம்பர் 23 அன்று சென்னையில் தாங்கள் அறிவித்த பெயர் 'லாபதா லேடீஸ்'. 29 படங்களிலிருந்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னீர்கள். கிரண் ராவின் அந்தப் படத்தின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் தாயார் அதை இரண்டு முறை பார்த்தார். இரண்டாம் முறை அக்கம்பக்கத்தாரையும் அழைத்து உட்காரவைத்துப் பார்த்தார். ஒரு நல்ல படத்தை அதற்குப் பொருந்தாத போட்டிக்கு, அந்தப் போட்டிக்கெனவே அமைந்துவந்த வேறொரு படத்தை விலக்கிவிட்டு அனுப்பினீர்கள் என்பதே என் முறையீடு.

அதன்பின் நடந்தவை பொதுவெளியில் உள்ளவை. டிசம்பரில் நியூயார்க் விமர்சகர்களும் லாஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர்களும் தங்கள் சர்வதேசப் பட விருதைக் கபாடியாவின் படத்துக்கே வழங்கினார்கள். கோல்டன் குளோப் விருதுகளில் ஆங்கிலம் அல்லாத சிறந்த படம், சிறந்த இயக்குநர் என இரண்டு பரிந்துரைகள் அதற்குக் கிடைத்தன. அதே டிசம்பரில் அகாடமி பதினைந்து படங்களின் பட்டியலை வெளியிட்டபோது இந்தியாவின் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் இந்திப் படம் இருந்தது. வட இந்தியாவில் கணவனை இழந்து காவலராகும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும், சந்தியா சூரி இயக்கிய 'சந்தோஷ்' அது. அதை அனுப்பிய நாடு பிரிட்டன். நம் மொழியில், நம் மண்ணின் கதையைப் பேசும் படம் வேறொரு நாட்டின் கொடியோடு முன்னேறியதையும், நாம் அனுப்பியது நின்றுவிட்டதையும் ஒரே பட்டியலில் பார்த்த அந்த இரவை நான் எளிதில் கடக்கவில்லை. 'லாபதா லேடீஸ்' பதினைந்துக்குள் வராது என்று அக்டோபரிலேயே எழுதி வைத்திருந்தேன். அந்தக் கணிப்பு பலித்ததில் எனக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை.

கபாடியாவின் படத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்குத் தங்கள் தரப்பிலிருந்து ஊடகங்களில் வந்த விளக்கம், இந்தியாவில் நடக்கும் ஓர் ஐரோப்பியப் படத்தைப் பார்ப்பதுபோல் இருந்ததாக நடுவர்கள் கருதினார்கள் என்பது. இந்த விளக்கத்தை நான் மரியாதையோடு மறுக்கிறேன். மும்பை மின்சார ரயிலில் கதவோரம் நின்று, ஊரில் விட்டுவந்த வாழ்க்கையைக் கைப்பேசியில் தேடும் மலையாளப் பெண்ணின் முகத்தில் ஐரோப்பா எங்கே இருக்கிறது? மெதுவாக நகர்வதும், குறைவாகப் பேசுவதும், நகரத்தின் ஓசையைக் கேட்கவிடுவதும் ஐரோப்பியருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமைகள் அல்ல. நம் நாட்டிலேயே அப்படிப் படமெடுத்த மேதைகளின் மரபு இருக்கிறது, அந்த மரபை முதலில் போற்ற வேண்டியவர்களும் தாங்களே. அதோடு, ஒரு படம் அதை அனுப்பும் நாட்டைப் போலவே தோன்ற வேண்டும் என்று அகாடமியின் விதிகளில் எங்கும் இல்லை. படத்தின் ஆக்கத்தில் அந்த நாட்டுக் கலைஞர்களின் பங்கு முதன்மையாக இருக்க வேண்டும், வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும் என்பனவே விதிகள். பிரான்சின் தேர்வுக் குழு இந்தப் படத்தைத் தன் இறுதி நான்கில் வைத்துப் பரிசீலித்தது. இறுதியில் 'எமிலியா பெரெஸ்' படத்தை அனுப்பியது. பிரான்சு தன் படமாக எண்ணிப் பார்க்கத் துணிந்ததை, நாம் நம்முடையது போல் இல்லை என்று கைவிட்டோம்.

அன்று முடிவெடுத்த 13 நடுவர்களும் ஆண்கள். தேர்வான படமோ பெண்களைப் பற்றியது, விடுபட்டவற்றில் அதிகம் பேசப்பட்டதும் பெண்களைப் பற்றியது, இரண்டையும் இயக்கியவர்கள் பெண்கள். தேர்வுக்கான காரணமாகத் தாங்கள் வெளியிட்ட சிறு குறிப்பு, இந்தியப் பெண்கள் அடங்கிப்போவதும் ஆதிக்கம் செலுத்துவதும் கலந்த விசித்திரமான கலவை என்ற பொருளில் தொடங்கியது. அதைப் படித்த என் சகோதரி என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. குழுவில் ஒரு பெண் இருந்திருந்தால் அந்த வாக்கியம் அச்சேறியிருக்காது என்று அவர் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இது அந்த ஓர் ஆண்டோடு முடிகிற குறையாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். 2013-இல் ரித்தேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்' கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டு, சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் நிறுவனத்தால் அமெரிக்க வெளியீட்டுக்கு வாங்கப்பட்டிருந்தது. 'லகான்' படத்தை அங்கே கொண்டுசென்றதும் அதே நிறுவனம்தான். பேரேட்டைப் பார்க்கும் எவரும் அந்த ஆண்டு இந்தியாவின் வரிசையில் எந்தப் பெயர் வரும் என்று ஐயப்பட மாட்டார்கள். வந்தது குஜராத்தி மொழியின் 'தி குட் ரோட்'. தேசிய விருது பெற்ற படம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விநியோகஸ்தர் கலத்தைக் காலியாக விட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். அது முன்னேறவில்லை. 'தி லஞ்ச்பாக்ஸ்' மறு ஆண்டு அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகி 40 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளிலும் பரிந்துரை பெற்றது. அப்போது எழுந்த கண்டனங்களைத் தாங்கள் மறந்திருக்க முடியாது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்தும் அதே பள்ளத்தில் விழுந்திருக்கிறோம் என்றால், முதல் முறை விழுந்ததிலிருந்து எழுதி வைத்துக்கொண்ட பாடம் எதுவும் கூட்டமைப்பிடம் இல்லை என்றுதான் பொருள்.

தாங்கள் சரியாகத் தேர்ந்தெடுத்த ஆண்டுகளையும் சொல்வதே நியாயம். 2022-இல் 'ஆர்ஆர்ஆர்' படத்தை விட்டுப் பான் நளினின் 'செல்லோ ஷோ' படத்தை அனுப்பியதற்காகப் பலர் தங்கள்மேல் சினந்தார்கள். நான் சினக்கவில்லை. அந்தப் படத்துக்கு விழாக்களில் பெயர் இருந்தது, அமெரிக்காவில் விநியோகஸ்தரும் இருந்தார். அது பதினைந்துக்குள் வந்தது. 2025-இல் நீரஜ் கைவானின் 'ஹோம்பவுண்ட்' படத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள். கான் விழாவின் அன் செர்டெய்ன் ரிகார்ட் பிரிவில் தொடங்கி, டொராண்டோவில் பார்வையாளர்களின் வாக்கில் சர்வதேசப் படங்களுக்கிடையே மூன்றாம் இடம் பெற்று, மார்ட்டின் ஸ்கோர்செஸியை நிர்வாகத் தயாரிப்பாளராகக் கொண்டு வந்த படம் அது. அதுவும் டிசம்பரில் பதினைந்துக்குள் வந்தது. இறுதி ஐந்துக்குள் செல்லாதது வருத்தமே, ஆயினும் அந்தத் தேர்வுக்காக நன்றி சொல்கிறேன். என் பேரேட்டின் கலங்கள் நிரம்பியிருந்த படத்தை அனுப்பியபோதெல்லாம் முன்னேறினோம், வெற்றுக் கலங்களோடு அனுப்பியபோதெல்லாம் நின்றோம். முன்னேறிய ஆண்டுகளில் அது திட்டமிட்டு நடந்ததா, அந்தந்த நடுவர்களின் ரசனை தற்செயலாக அப்படி அமைந்ததா என்பதை வெளியிலிருந்து பார்க்கும் எவராலும் சொல்ல முடியாதபடி தங்கள் நடைமுறை மூடிக் கிடக்கிறது. நான் எழுதுவதற்குக் காரணம் அந்த மூடல்தான்.

தேர்வு சரியாக இருந்தும் துணையில்லாமல் போன படங்களும் உண்டு. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவின் முதன்மை விருதான டைகர் விருதைப் பெற்றது. குடித்துவிட்டு வந்த தகப்பனும் மகனும் வெயிலில் வறண்ட மதுரை மண்ணில் நடந்துபோகும் அந்தப் படத்தைத் தாங்கள் இந்தியாவின் சார்பில் அனுப்பியபோது தமிழ் ரசிகர்கள் எவ்வளவு மகிழ்ந்தோம் என்பதை எழுத்தில் சொல்வது கடினம். 1969-இல் 'தெய்வ மகன்' தொடங்கி, 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஜீன்ஸ்', 'ஹே ராம்', 'விசாரணை' என்று வந்த வரிசையில் ஓர் அறிமுக இயக்குநரின் சின்னஞ்சிறு படம் சேர்ந்தது. ஆனால் பதினைந்து படங்களின் பட்டியலில் அது இல்லை. அந்த ஆண்டுப் பட்டியலில் இருந்து, பிறகு இறுதி ஐந்துக்கும் முன்னேறிய படங்களில் ஒன்று பூட்டானுடையது. 'லுனானா: எ யாக் இன் தி கிளாஸ்ரூம்' என்ற அந்தப் படத்தை முந்தைய ஆண்டு அனுப்பியபோது, அந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட தேர்வுக் குழுவே இல்லை என்பதால் அகாடமி ஏற்கவில்லை. எட்டு லட்சம் மக்கள்கூட இல்லாத அந்த நாடு, குழுவை முறையாக அமைத்து, அதே படத்தை மறு ஆண்டு மீண்டும் அனுப்பி, இறுதி ஐந்தில் நின்றது. உலகிலேயே அதிகமாகப் படமெடுக்கும் நாடு இருபத்து நான்கு ஆண்டுகளாக நிற்காத இடம் அது.

அறிமுக இயக்குநர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பூங்கொத்துக் கொடுத்து, இனி உங்கள் பாடு என்று அனுப்பிவிடுவது தேர்வோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதாகும். 'லகான்' படத்துக்காக ஆமிர் கானும் அசுதோஷ் கோவாரிக்கரும் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கி, உறுப்பினர்களுக்குத் திரையிட்டுத் திரையிட்டுக் காட்டினார்கள். 'ஆர்ஆர்ஆர்' குழுவினர் கூட்டமைப்பின் துணையில்லாமலே பொதுப் பிரிவுகளில் தாமாக முயன்று, 'நாட்டு நாட்டு' பாடலுக்கு 2023 மார்ச்சில் விருது வாங்கினார்கள். அதே காலையில் நம் முதுமலையின் தெப்பக்காட்டைக் களமாகக் கொண்ட 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' குறு ஆவணப்பட விருதை வென்றது. அன்று காலை நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன், மேலாளரும் தாமதமாகத்தான் வந்தார். பெரிய தயாரிப்பு நிறுவனமோ உலகளாவிய ஓடிடி தளமோ பின்னால் இருந்தால் இவை முடியும். 'கூழாங்கல்' போன்ற படத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்கள் தாங்கள்.

நடுவர்கள் கலைத் தரத்தைத்தான் பார்க்க வேண்டும், விநியோகஸ்தர் யார் என்று பார்ப்பது வணிகம் என்று தங்களில் சிலர் சொல்லக்கூடும். அந்த நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் கலைத் தரத்தை மட்டும் எடைபோட்டுச் சிறந்த இந்தியப் படத்துக்குத் தங்கத் தாமரை வழங்க இந்திய அரசின் தேசிய விருதுகள் இருக்கின்றன. தங்களுக்குத் தரப்பட்டிருக்கும் பொறுப்பு வேறு. அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட வாக்காளர் கூட்டத்துக்கு முன்னால், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள், உலகின் பிற படங்களோடு நிற்கப்போகும் ஒரே ஒரு படத்தை அனுப்புவது. தரமான படங்கள் பல இருக்கும்போது, அவற்றில் எதற்கு அங்கே வழி திறந்திருக்கிறது என்று கேட்பது கலையை இழிவுபடுத்துவது ஆகாது. பிரான்சில் தேர்வுக் குழு முதலில் நான்கைந்து படங்களைப் பகிரங்கமாக அறிவிக்கிறது. பிறகு அவற்றின் தயாரிப்பாளர்களையும், சர்வதேச விற்பனையாளர்களையும், அமெரிக்க விநியோகஸ்தர்களையும் அழைத்துப் பேசி ஒன்றைத் தேர்கிறது. அவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 2023-இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படத்தை விட்டு வேறொன்றை அனுப்பினார்கள். விடப்பட்ட படம் சிறந்த படம் உட்பட ஐந்து பரிந்துரைகள் பெற்று, திரைக்கதைக்கான ஆஸ்கரை வென்றது. ஆனால் எந்தப் படங்களுக்கிடையே முடிவெடுக்கப்பட்டது என்பது அங்கே ஊரறிய இருந்தது. ஊரார் கேள்வி கேட்க முடிந்தது.

காலமும் ஒரு குறை. 2024-இல் தாங்கள் அறிவித்த நாளுக்கும் அகாடமியின் இறுதி நாளுக்கும் இடையே இருந்தது ஒன்பது நாள். ஜெர்மனி 2025-இல் தன் படத்தை ஆகஸ்டிலேயே முடிவு செய்துவிட்டது. செப்டம்பரின் பெரிய விழாக்களுக்குப் படம் செல்லும்போதே அது தன் நாட்டின் சார்பில் போட்டியிடும் படம் என்ற பெயரோடு செல்வதற்கும், விழாக்கள் எல்லாம் முடிந்தபின் அவசரமாகப் படிவம் நிரப்புவதற்கும் உள்ள வேறுபாட்டைத் திரைத்துறையினரான தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை.

இந்த ஆண்டின் நடுவர் குழுவை ஜூலை மாதத்துக்குள் அமைத்து, பெயர்களை வெளியிடுங்கள். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுத்துப் பழகியவர்களும், அமெரிக்காவில் இந்தியப் படங்களை விநியோகித்த அனுபவம் உள்ளவர்களும் கட்டாயம் இடம்பெறட்டும். தமிழ், மலையாளம், மராத்தி, வங்காளம், அஸ்ஸாமியம் என்று பல மொழிப் படங்களைத் திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை மட்டும் நம்பாமல் பார்க்கக்கூடியவர்களும் வேண்டும்.

விண்ணப்பித்த படங்களின் முழுப் பட்டியலையும் ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியிட்டு, அதிலிருந்து ஐந்து படங்களை முதலில் அறிவியுங்கள். அந்த ஐந்தின் தயாரிப்பாளர்களையும் நேரில் அழைத்து, படம் எந்த விழாவுக்குப் போகிறது, அமெரிக்காவில் யார் வெளியிடுகிறார்கள், செலவுக்கு என்ன வழி என்று கேட்டு, விடைகளைப் பதிவு செய்து, ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்வுக்கான காரணத்தை எழுத்தில், கவனமாகச் செப்பனிட்ட மொழியில், நடுவர்களின் வாக்கு விவரத்தோடு வெளியிடுங்கள். விடுபட்ட நான்கு படங்களைப் பற்றியும் சில வரிகளாவது எழுதுங்கள்.

விண்ணப்பக் கட்டணத்தைச் சிறு முதலீட்டுப் படங்களுக்கு நீக்குங்கள். தேர்வாகும் படத்துக்கென்று ஒரு நிதியை ஏற்படுத்துங்கள். அகாடமி உறுப்பினர்களாக இருக்கும் இந்தியக் கலைஞர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடம் தாங்கள் வேண்டிக்கொண்டால், தேர்வான படத்துக்காக அங்கே திரையிடல்களை நடத்தித் தர மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக, 2013, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதைக் கூட்டமைப்பு தானே ஆராய்ந்து, அந்த அறிக்கையை இந்த ஆண்டின் நடுவர்கள் முதல் படத்தைப் பார்க்க உட்காருவதற்கு முன் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க இயலாது, ஏன் என்பதை ஜூலை முடிவதற்குள் பொதுவில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆஸ்கர் கணிப்பில் ஈடுபாடுள்ள ஒரு திரைப்பட ரசிகன்,
கோயம்புத்தூர்